அவர் இழந்த ஆறு வீசையும் உங்களுக்கு ஏறிய ஆறு வீசையும்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 49. உயரம் 5 அடி 1 அங்குலம். பதினான்கு மாதத்துக்கு முன் 128 பவுண்டு இருந்தேன், இப்போது 151. சாப்பாடு எப்போதும் போலத்தான். முகம் உருண்டுவிட்டது, பார்ப்பவர்கள் செழிப்பாக இருக்கிறாய் என்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு 54 வயது. அவர் ஐந்தே மாதத்தில் 148-லிருந்து 126-க்கு இறங்கிவிட்டார். நன்றாகச் சாப்பிடுகிறார். ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறார், தண்ணீர் நிறையக் குடிக்கிறார். இருமலுக்கு வெற்றிலைப் புகையிலைதான் காரணம் என்கிறார். நாங்கள் இருவரும் 2021-ல் கொரோனா ஊசி போட்டுக்கொண்டோம். அந்த ஊசிக்குள் நானோ ரோபோ இருந்ததாம், அதுதான் எடையைத் தன் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்குகிறதாம். என் அக்கா மகன் போனில் வீடியோ காட்டினான். கொழுப்பை மட்டும் தேடித் தின்னும் நானோ ரோபோ மாத்திரையும் வந்திருக்கிறதாம். பத்து மாத்திரை 1,80,000 கியாட். எனக்கு வாங்கலாமா? அவர் உடம்பில் இருப்பதை எப்படி வெளியே எடுப்பது? நான் வேறு மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை. முட்டிவலிக்கு மட்டும் முக்குக் கடையில் பொட்டலம் வாங்கிப் போடுவேன். அது ஒன்றரை வருஷமாக.
— ஒரு சகோதரி, மோல்மேன், பர்மா

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரையை வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு வேறு செலவு இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் மூன்று பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். இரண்டரைப் பக்கம் ரோபோவுக்கே போய்விட்டது. வீட்டுக்காரரின் இருமலும் ராத்திரி எழுந்து போவதும் ஒரு வரியில் முடிந்துவிட்டன. முட்டிவலிப் பொட்டலம் கையெழுத்துக்கு மேலே, இடம் மிச்சமிருந்ததால் எழுதியது போல இருக்கிறது. நான் அந்த இரண்டு வரியையும்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். உங்களுக்கு ஏறியது 23 பவுண்டு. பர்மிய வீசை 1.63 கிலோ. அந்தச் சந்தைக் கணக்கில் ஆறு வீசைக்குக் கொஞ்சம் மேல். அவருக்கு இறங்கியது 22 பவுண்டு, அதுவும் ஆறு வீசை. யாரோ அவர் உடம்பிலிருந்து தூக்கி உங்கள் உடம்பில் வைத்தது போல இருக்கிறது. அக்கா மகனுக்கு இது ரோபோ வேலையாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. பையனைத் திட்டாதீர்கள்.

அவன் சொன்ன கதையிலும் ஒரு சொட்டு உண்மை இருக்கிறது, அதனால்தான் நம்பும்படி இருக்கிறது. 1959 டிசம்பரில் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன் ஒரு சொற்பொழிவில், தன் நண்பர் சொன்ன யோசனை என்று ஒன்றைச் சொன்னார்: அறுவை மருத்துவரையே விழுங்கிவிட்டால் என்ன? ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குப் போய், கெட்ட வால்வு எது என்று பார்த்து, குட்டிக் கத்தியால் வெட்டி எறிந்துவிடும் ஒரு யந்திரம். அன்று அது வேடிக்கைப் பேச்சு. ஆனால் 2012-ல் ஹார்வர்டில் ஷான் டக்ளஸ், இடோ பாச்செலெட், ஜார்ஜ் சர்ச் மூவரும் டி.என்.ஏ. இழையை மடித்து மடித்து, 45 நானோ மீட்டர் நீளத்தில் ஒரு பெட்டி செய்துவிட்டார்கள். நம் பௌ ஸான் அரிசி ஒன்று 5 மில்லி மீட்டர் என்றால், அது 50 லட்சம் நானோ மீட்டர். தலைமுடி ஒன்றின் குறுக்கே அந்தப் பெட்டிகளை ஆயிரத்து எழுநூறுக்கு மேல் வரிசையாக அடுக்கலாம். பெட்டிக்கு இரண்டு பூட்டு. குறிப்பிட்ட செல்லின் மேல்தோலில் உள்ள அடையாளத்தைத் தொட்டால் பூட்டு கழன்று, உள்ளே வைத்த மருந்து வெளியே வரும். கண்ணாடித் தட்டில் வளர்த்த ரத்தப்புற்றுச் செல்களிடம் அது வேலை செய்தது.

2018-ல் சீன, அமெரிக்க விஞ்ஞானிகள் இன்னொரு படி போனார்கள். டி.என்.ஏ. தாளைப் பாய் போலச் சுருட்டி, உள்ளே ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பினை வைத்தார்கள். புற்றுக்கட்டியின் ரத்தக்குழாயைத் தொட்டதும் பாய் விரிந்து, அந்தக் குழாய் அடைபட்டு, கட்டி பட்டினியில் சுருங்கியது. 2024-ல் பார்சிலோனாவில், சிறுநீரில் இருக்கும் யூரியாவையே எரிபொருளாக்கி நகரும் துகள்களில் கதிரியக்க அயோடினை ஏற்றி சிறுநீர்ப்பைக்குள் விட்டார்கள். ஒரே டோசில் கட்டி ஏறக்குறைய 90 சதவீதம் சுருங்கியது. படிக்கும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் இரண்டிலும் கட்டி சுருங்கியது சுண்டெலிகளுக்கு. மனிதருக்குக் கொடுக்கலாம் என்று அனுமதி பெற்ற நானோ ரோபோ இதுவரை ஒன்றுகூட இல்லை. எடை குறைக்க இல்லை, புற்றுக்கும் இல்லை.

மனிதருக்கு உண்மையில் கொடுப்பது நானோ துகள்கள். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்ஸில் என்ற புற்று மருந்தில், மருந்தை ஒரு கொழுப்பு உறைக்குள் அடைத்திருப்பார்கள். ஃபைசர், மாடர்னா கொரோனா ஊசிகளிலும் இதே போல ஏறக்குறைய 100 நானோ மீட்டர் கொழுப்பு உறை உண்டு. அது வெறும் உறை. கை கால் கிடையாது, மூளை கிடையாது, போய்ச் சேர்ந்ததும் கரைந்துவிடும். அதுவும் நம் ஊரில் பெரும்பாலோருக்குப் போட்டது செயலிழக்க வைத்த வைரஸைக் கொண்டு செய்த சீன ஊசி. அதில் அந்த உறைகூட இல்லை.

வெளியிலிருந்து போன் சிக்னலில் இயக்குகிறார்கள் என்றும் வீடியோவில் சொன்னார்களாமே? போன் அலையின் நீளம் ஏறக்குறைய ஒரு சாண். அதை வாங்கும் ஏரியலும் ஓரளவு அதற்கேற்ற நீளம் வேண்டும். ஊசி முனைக்குள் நுழைகிற பொருளில் எங்கே வைப்பது? பேட்டரி எங்கே? போதாததற்கு, அந்த அளவில் தண்ணீரே வேறு மாதிரி. கிருமி அளவு சின்னதாகிவிட்டால், தண்ணீரில் நீந்துவது நமக்குப் பனைவெல்லப் பாகில் நீந்துவது போல. வாலாட்டுவதை நிறுத்திய கிருமி ஓர் அணுவின் அகலம்கூட வழுக்கிப் போகாமல் அங்கேயே நின்றுவிடும். இதையெல்லாம் தாண்டினாலும் கல்லீரலும் மண்ணீரலும் வழியில் பிடித்து விழுங்கிவிடும். பத்து வருஷ ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2016-ல் கணக்கெடுத்தார்கள். விலங்குகளுக்கு ஊசியில் போட்ட நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, நடுமதிப்பாக 0.7 சதவீதம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

சரி, கொழுப்பைத் தின்னும் ரோபோ உண்மையிலேயே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தின்ற கொழுப்பு எங்கே போகும்? நிறைய டாக்டர்களே தப்பாகப் பதில் சொன்ன கேள்வி இது. வியர்வையில் போகும், மலத்தில் போகும், சூடாகிப் போகும் என்பார்கள். 2014-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இரண்டு ஆஸ்திரேலியர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். உடம்பு 10 கிலோ கொழுப்பை எரித்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீர். அதாவது கொழுப்பு மூக்கு வழியாகத்தான் போகிறது. எரிக்காமல் வெறுமனே உடைத்துவிட்டால் அத்தனையும் ரத்தத்தில் மிதக்கும், பிறகு பழைய இடத்துக்கே திரும்பி வரும். ரோபோவுக்கு நுரையீரல் கிடையாது, எரிக்கும் வேலை உங்கள் உடம்புடையதுதான்.

அப்படியானால் அந்தப் பத்து மாத்திரைக்குள் என்னதான் இருக்கும்? பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் 'இளைக்கும் அதிசய மாத்திரை' என்று விற்பதைப் பல நாடுகளில் பரிசோதித்தபோது சிபுட்ரமின் அடிக்கடி அகப்பட்டிருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வருகிறதென்று 2010-ல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் கைவிட்ட மருந்து அது. பேதி மருந்து, நீர் பிரிக்கும் மருந்து, தைராய்டு ஹார்மோன் எல்லாமும் அகப்பட்டிருக்கின்றன. எடை குறையும், ஆமாம். பேதியானால் யாருக்கும் குறையும்.

ரோபோவை இங்கே இறக்கிவிட்டு உங்கள் பொட்டலத்துக்கு வருவோம்.

பர்மியர் ஸே ஸட் என்பார்கள். நாலைந்து நிற மாத்திரைகளைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பெயர் எழுதாமல், மூட்டுக்கு, இடுப்புக்கு, காய்ச்சலுக்கு என்று கொடுக்கும் கலப்பு. ரங்கூனில் எந்தத் தெருவிலும் கிடைக்கும், மோல்மேனிலும் அப்படித்தான் இருக்கும். விலை குறைவு, வலி ஒரே நாளில் பறந்துவிடும். அப்படிப் பறக்கிறதென்றால் அதில் டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசலோன் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் ஸ்டீராய்டு. நல்ல மருந்துதான், உயிர் காக்கும் மருந்து. ஆனால் அளவும் நாளும் தெரிந்து கொடுக்க வேண்டியது. உடம்பு பிடிக்கவேண்டும் என்று இளம்பெண்கள் வாங்கிப் போடும் 'வ ஸே' என்ற கொழுக்க வைக்கும் மாத்திரையிலும் இதே ஸ்டீராய்டு இருப்பதுண்டு, பசியைத் தூண்டும் சைப்ரோஹெப்டடினும் இருப்பதுண்டு. அவர்கள் காசு கொடுத்து வாங்குகிற அதே கொழுப்பு உங்களுக்கு முட்டிவலியோடு இலவசமாக வந்திருக்கிறது என்பது என் சந்தேகம்.

கணக்கு இப்படி: நம் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டுக்குக் கார்ட்டிசால் என்று பெயர், அது ஒரு நாளைக்குச் சுமார் 10 முதல் 20 மில்லி கிராம். அரை மில்லி கிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை ஒன்று ஏறக்குறைய 13 மில்லி கிராம் கார்ட்டிசாலுக்குச் சமம். பொட்டலத்துக்கு ஒன்று, நாளைக்கு மூன்று பொட்டலம் என்றால் உடம்புக்கு வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு மடங்கு, தினமும், ஒன்றரை வருஷமாக. நீங்கள் எத்தனை போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் பொட்டலம் தொடங்கி நாலு மாதத்தில் எடை ஏறத் தொடங்கியிருக்கிறது பாருங்கள். ஊசி போட்டு எத்தனையோ வருஷம் சும்மா இருந்த ரோபோ, முட்டிவலிக்காகக் காத்திருந்து வேலையைத் தொடங்காது.

கண்ணாடி முன் நின்று பாருங்கள். முகம் நிலா போல உருண்டிருக்கிறதா? பிடரிக்குக் கீழே சதை மேடு இருக்கிறதா? வயிறு பெருத்து, கையும் தொடையும் மட்டும் மெலிந்திருக்கின்றனவா? வயிற்றில் ஊதா நிறக் கோடுகள், லேசாக இடித்தாலே கன்றிப்போகும் தோல், உட்கார்ந்து எழும்போது தொடையில் பலமின்மை? இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் என் சந்தேகம் பலப்படும். வெறும் சாப்பாட்டினால் ஏறும் எடை கைகால்களை விட்டுவைக்காது. 'செழிப்பு' என்று பார்ப்பவர்கள் சொன்னது அநேகமாக ஸ்டீராய்டு முகத்தைத்தான்.

இப்போது முக்கியமான விஷயம். இதைப் படித்துவிட்டுப் பொட்டலத்தை நாளைக் காலையே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இத்தனை நாள் வெளியிலிருந்து வருகிறதே என்று தூங்கப் போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் அவை எழுந்து வேலை செய்ய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதற்குள் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்த வீழ்ச்சி, சில சமயம் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு, எத்தனை நாளில் குறைப்பது என்று டாக்டர்தான் படிப்படியாக இறக்க வேண்டும். இடையில் எந்தக் காரணத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வாக்கியமே "ஒன்றரை வருஷமாக ஸ்டீராய்டு சாப்பிட்டிருக்கலாம்" என்பதாக இருக்கட்டும்.

சாப்பாடு எப்போதும் போல என்றீர்கள். நம்புகிறேன், அரைகுறையாக. ஸ்டீராய்டு பசியைக் கூட்டும். கூடியது தட்டில் தெரியாது, இடையில் தெரியும். டீக்கடை சோ செய்ன் ஒரு கோப்பையில் இரண்டு கரண்டி டின்பால் என்றால் அதுவே ஏறக்குறைய 130 கலோரி. மூன்று கோப்பை குடித்தால் 390. (நான் நான்கு குடித்துக்கொண்டிருந்தேன், இப்போது இரண்டு. ஒன்றுமே குடிப்பதில்லை என்று சொன்னால் என் கம்பவுண்டர் சிரிப்பார்.) அப்புறம் நம் வீட்டுக் குழம்புகளிலும் பர்மிய வழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எண்ணெய் பிரிந்து மேலே நின்றால்தான் கறி கெடாது, ருசி வரும் என்று. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. வயதும் ஒரு காரணம்: மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறும். தைராய்டு குறைந்தாலும் எடை ஏறும், ஆனால் அது மட்டுமே 23 பவுண்டு ஏற்றுவது அபூர்வம். ஒரே வாரத்தில் நாலைந்து பவுண்டு ஏறி, காலை அழுத்தினால் குழி விழுகிறதென்றால் அது கொழுப்பே இல்லை, நீர். இதயத்தையோ சிறுநீரகத்தையோ பார்க்க வேண்டும். கருத்தடை ஊசி, மனநோய் மருந்துகள் சில, இன்சுலின் இவையும் ஏற்றும். நீங்கள் எதையும் குறிப்பிடவில்லை, அதனால் நீட்டவில்லை.

உங்கள் உயரத்துக்கு 151 பவுண்டு என்றால் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு, 28.5. ஆசியருக்கு 23-க்கு மேல் கவனம், 27.5-க்கு மேல் ஆபத்து அதிகம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கவலைப்பட வேண்டிய எடைதான். ஆனால் வாரக்கணக்கில் அவசரப்பட வேண்டியது உங்களுடையது இல்லை.

அவருடையது. ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள், முயற்சி எதுவும் இல்லாமல் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே காரணம் தேட வேண்டும் என்பது எங்கள் விதி. 148 பவுண்டுக்கு அது ஏழரை பவுண்டு. அவர் ஐந்து மாதத்தில் 22 இழந்திருக்கிறார். தண்ணீர் தாகம், ராத்திரி நாலு தடவை எழுவது, நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது: சர்க்கரை நோய் வாசலிலேயே நிற்கிறது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை செல்லுக்குள் போகாமல் சிறுநீரில் கொட்டுகிறது. உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்துப் பிழைக்கிறது. சாப்பிட்டது நம் வீட்டுக்கு வராமல் சாக்கடைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருமல் அதைவிடச் சங்கடம். காசநோய்ச் சுமை அதிகமுள்ள முப்பது நாடுகள் என்று உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் பட்டியலில் பர்மாவும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை இறக்கம், இந்த இரண்டும் சேர்ந்தாலே சளியைப் பார்த்துவிட வேண்டும். வெற்றிலையைக் குற்றம் சொல்லி நாள் கடத்தக்கூடாது. சர்க்கரை இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம், இரண்டும் ஒன்றாக இருப்பதும் சாதாரணம். வெற்றிலையையும் சும்மா விடவில்லை: வாயை அகலத் திறக்க முடிகிறதா, ஆறாத புண் இருக்கிறதா என்று டாக்டர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் சாப்பிடச் சாப்பிட இளைக்கும், அதற்கும் ரத்தப் பரிசோதனை உண்டு.

உங்கள் இரண்டு பேர் எடைக்கும் ஒரே காரணம் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு முடிச்சு மட்டும் இருக்கிறது. ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தும். உறங்கிக்கிடக்கும் காசநோய்க் கிருமியை எழுப்பும், எழுந்தால் காய்ச்சலைக்கூடத் தெரியாமல் மறைக்கும். சர்க்கரையையும் ஏற்றும். அவருக்குக் காசநோய் என்று தெரிந்தால், ஒரே அறையில் தூங்கும் உங்களுக்கு மற்றவர்களைவிட அதிக ஆபத்து. அதனால் இரண்டு பேருமே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். முடிவு வரும் வரை அவர் ஜன்னல் உள்ள அறையில் படுக்கட்டும், இருமும்போது வாயைத் துணியால் மூடட்டும், ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். காசநோய்க்குச் சளிப் பரிசோதனையும் ஆறு மாத மருந்தும் அரசுத் திட்டத்தில் இலவசம். அந்த 1,80,000 கியாட்டில் அவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி., மார்பு எக்ஸ்ரே, தைராய்டு. உங்களுக்குச் சர்க்கரை, ரத்த உப்பு, ரத்த அழுத்தம். காலையில் எடுக்கும் கார்ட்டிசால் பரிசோதனை தேவையா, எப்போது என்பதை உங்களைப் பார்க்கும் டாக்டர் முடிவு செய்வார். பொட்டலம் போட்ட நாளில் எடுத்தால் அதற்கு அர்த்தமில்லை. முட்டிக்கு எடை இறங்கினாலே பாதி நிம்மதி. தொடைத் தசைக்கான பயிற்சியை உட்கார்ந்தபடியே செய்யலாம், காட்டித் தருவார்கள். பரிசோதனை முடிவு தெரிவதற்கு முன் வேறு வலி மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள்.

இருவரும் ஒரே நாளில், இந்த வாரத்துக்குள் போங்கள். அவர் சளியில் ரத்தம் பார்த்தாலோ, வாந்தியும் மூச்சிரைப்பும் மயக்கமும் வந்தாலோ, உங்களுக்கு மயக்கமும் வாந்தியும் வந்தாலோ, அன்றைக்கே. மிச்சமுள்ள பொட்டலங்களைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள். நிறத்தை வைத்து எது எது என்று சொல்ல முடியாது, ஆனால் மாத்திரையில் பொறித்திருக்கும் எழுத்தை வைத்துச் சிலதைக் கண்டுபிடித்துவிடலாம். அக்கா மகனையும் துணைக்குக் கூட்டிப்போங்கள். போனில் கெட்டிக்காரனாக இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில், சாப்பிடும் முன், இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்திப் பவுண்டைக் குறித்து வைக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் அந்தக் குறிப்போடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.